பட்டணத்துக்கு எழுதப்பட்ட சிறுகுளம்: ராஜம் ஐயரின் வளர்ப்பும் காலமும்

கேள்வி

விக்டோரியா கால நாவலாசிரியர் என்றதும் நமக்கு டிக்கன்ஸ் நினைவுக்கு வருகிறார். தாக்கரே, ஜார்ஜ் எலியட், ஹார்டி என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலில் பி. ஆர். ராஜம் ஐயரை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் நாள்கணக்கை மட்டும் பார்த்தால் அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. விக்டோரியா அரியணை ஏறியது 1837இல், மறைந்தது 1901இல். ராஜம் ஐயர் 1872இல் அன்றைய மதுரை ஜில்லாவைச் சேர்ந்த வத்தலக்குண்டில் பிறந்து 1898 மே மாதத்தில் இறந்தார். அவர் வாழ்ந்த இருபத்தாறு ஆண்டுகளும் அந்த அரசியின் ஆட்சிக்குள்ளேயே அடங்கிவிட்டன. படித்தது அந்த ஆட்சி கொண்டுவந்த படிப்பு. எழுதியது அந்த ஆட்சியில் முளைத்த மாதப் பத்திரிகையில்.

தமிழின் இரண்டாம் நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படும் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது, 1896இல் புத்தகமாயிற்று. முழுப் பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. தொடரைத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது இருபத்தொன்று. இந்த வயதில் இப்படியொரு நாவல் எப்படி வந்தது என்பதற்கு ‘வளர்ந்த ஊரும் வாழ்ந்த காலமும்’ என்று விடை சொல்வது எளிது. அந்த விடை எதுவரை செல்லும், எங்கே கைவிட்டுவிடும் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. நான் இதை எழுதும் திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். நாவலுக்குள் அந்தத் தூரம் எவ்வளவு என்பதைக் கடைசிப் பகுதியில் பேசுவேன்.

இதுவரை சொல்லப்பட்டது

இந்நாவலைப் பற்றிய விமர்சனப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிரிவினை உண்டு. முதற்பாதி நாவல், பிற்பாதி வேதாந்தம் என்பதே அது. முதற்பாதியில் சிறுகுளம் என்ற ஊரின் பேச்சும் பொறாமையும் கல்யாணச் சந்தடியும் உயிரோடு இருக்கின்றன. பிற்பாதியில் கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி ஐயர் இழப்புமேல் இழப்பாகப் பட்டு, சிதம்பரத்தில் சச்சிதானந்த சுவாமிகளை அடைந்து, மன அமைதி தேடுகிறார். கதை சொல்வது தம் முதல் நோக்கமல்ல, அமைதியற்ற ஓர் ஆன்மா படும் பாட்டையும் அது அடையும் ஆனந்தத்தையும் காட்டுவதே நோக்கம் என்ற கருத்தை ஆசிரியரே நாவலின் முடிவில் சொல்லியிருக்கிறார். ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ எழுதிய க.நா.சு. முதல், ‘தமிழ் நாவல் இலக்கியம்’ எழுதிய க. கைலாசபதி, நாவலின் நூறாண்டு வரலாற்றை எழுதிய சிட்டியும் சிவபாதசுந்தரமும் வரை பலரும் இந்நாவலை எடைபோட்டிருக்கிறார்கள்.

இந்தப் பிரிவினையை வாழ்க்கை வரலாற்றோடு ஒட்டிவிடுவது வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. வத்தலக்குண்டில் கழிந்த பிள்ளைப்பருவம் முதற்பாதியைத் தந்தது. சட்டப் படிப்பில் அடைந்த தோல்வியும் குருவைத் தேடிய தவிப்பும் பிற்பாதியைத் தந்தன என்பார்கள். கேட்கச் சீராகத்தான் இருக்கிறது. சீராக இருப்பதே எனக்கு உறுத்துகிறது.

வாழ்க்கையைத் திறவுகோலாக்கி நாவலைத் திறக்கும் வழக்கம் வலுப்பெற்றதற்கு டிக்கன்ஸின் கதையும் ஒரு காரணம். தகப்பனார் கடனுக்காக 1824இல் மார்ஷல்சீ சிறையில் அடைபட, பன்னிரண்டு வயதுப் பையன் காலணி மெருகு தயாரிக்கும் கிடங்கில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினான். வாழ்நாளெல்லாம் அவர் வெளியே சொல்லாத இந்தச் செய்தியை, அவர் இறந்தபின் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் தம் நூலில் வெளியிட்டார். அதன் பிறகு டிக்கன்ஸின் அநாதைச் சிறுவர் அனைவரும் அந்தக் கிடங்கிலிருந்து வந்தவர்களாகவே வாசிக்கப்பட்டார்கள். அங்கே சான்று டிக்கன்ஸ் கைப்பட எழுதிய குறிப்பு. ராஜம் ஐயருக்கு அப்படியொரு தன்வரலாற்றுக் குறிப்பு கையில் இல்லாதபோது, நாவலிலிருந்தே வாழ்க்கையை ஊகித்து, ஊகித்த வாழ்க்கையைக் கொண்டு நாவலை விளக்கும் வட்டத்தில் சிக்குவது சுலபம்.

ஊர் தந்தது

ஆனாலும் ஊர் தந்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. நாவல் மதுரை ஜில்லா, சிறுகுளம், அதன் நடுத்தெரு, அதில் ஒரு பெரிய வீடு என்று படிப்படியாக நெருங்கித்தான் தொடங்குகிறது. உள்ளே போனதும் கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிறார்கள். மகள் லக்ஷ்மியின் கல்யாணம் பேசப்படுகிறது. பேச்சு ஊடலாகி, கேலியாகி, மறுபடி கல்யாணத்துக்கு வருகிறது. நடுவயதுத் தம்பதியர் இவ்வளவு இயல்பாகப் பேசிக்கொள்வதைத் தமிழ் உரைநடை அதற்கு முன் கேட்டதில்லை. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் (1879) மாந்தர்கள் நியாயம் பேசுவார்கள், நீதி பேசுவார்கள், கதை சொல்வார்கள். ராஜம் ஐயரின் மாந்தர்கள் வெறுமனே பேசுவார்கள். தமிழ் நாவலில் அந்த வெறும் பேச்சுதான் புதிது.

கமலாம்பாளின் ஓர்ப்படி பொன்னம்மாளின் பொறாமையும் அந்தப் பேச்சுக்குள்தான் வளர்கிறது. ஊர்ப் பெண்கள் கூடி வம்பளக்கும் கூட்டத்துக்கு ஆசிரியர் ‘வம்பர் மகாசபை’ என்று பெயரிட்டதைப் பெண்களைப் பற்றிய கேலி என்று தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அதில் இன்னொரு கேலியும் கேட்கிறது. சென்னை மகாஜன சபை தொடங்கியது 1884இல், காங்கிரஸ் 1885இல். காங்கிரஸின் மூன்றாம் கூட்டம் 1887இல் சென்னையிலேயே நடந்தது. தீர்மானம், தலைமை, விவாதம் என்ற சொற்களெல்லாம் படித்த வாலிபர்களின் வாயில் புதிதாகப் புரண்ட காலம். ‘சபை’ என்ற சொல்லை எடுத்துக் கிராமத்து வம்புக்குச் சூட்டும்போது சிரிப்பு இரண்டு பக்கமும் விழுகிறது. ஊரிலேயே இருந்துவிட்ட ஒருவருக்கு இந்தப் பெயர் தோன்றியிராது. பட்டணம் போய்ச் சபைகளைப் பார்த்துவிட்டு, ஊரைத் திரும்பிப் பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

முதற்பாதியை முழுக்க ‘ஊரின் கொடை’ என்று சொல்லத் தயங்குவதற்கு இதுவே காரணம். ராஜம் ஐயர் மதுரையில் படித்து, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய், 1889இல் பி.ஏ. தேறினார். நாவல் வெளியானது சி. வி. சுவாமிநாத ஐயர் 1892இல் தொடங்கிய சென்னைப் பத்திரிகையில். அதை வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தை விட்டுக் கச்சேரிக்கும் கல்லூரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்தவர்கள். சிறுகுளத்தில் இருப்பவருக்குச் சிறுகுளத்தை வர்ணித்துக் காட்ட வேண்டிய அவசியமில்லை. அந்த வர்ணனை, ஊரை விட்டு வந்த வாசகருக்கு ஊரை விட்டு வந்த எழுத்தாளர் எழுதியது. 1836இல் டிக்கன்ஸின் ‘பிக்விக்’ மாதம் ஒரு பகுதியாக லண்டனில் விற்றபோது அதில் சிரித்தபடி உலா வந்ததும் ரயிலுக்கு முந்திய கோச்சு வண்டிகளின் இங்கிலாந்துதான். ஒரு வாழ்க்கை கைவிட்டுப் போகத் தொடங்கும்போதுதான் நாவல் அதைப் பிடித்து வைக்கிறது.

ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் தமிழ்ப் பண்டிதர். செய்யுட்கள் தலைக்குள் மூட்டை மூட்டையாக இருக்கும். நடைமுறை உலகம் மட்டும் பிடிபடாது. கல்லூரியில் வேர்ட்ஸ்வொர்த்தும் ஷெல்லியும் கீட்ஸும் படித்த பையன் பள்ளித் தமிழாசிரியரைக் கேலி செய்கிறான் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் ராஜம் ஐயர் கம்பனிலும் தாயுமானவரிலும் ஊறியவர். அவர் கேலி செய்வது தமிழ்ப் பாட்டை அல்ல; பாட்டைச் சிலேடைக்கும் யமகத்துக்கும் மட்டும் பயன்படுத்தும் பழக்கத்தை. அம்மையப்ப பிள்ளையிடம் அவருக்குப் பிரியம் உண்டு என்பதை அந்த மனிதர் வரும் ஒவ்வொரு பக்கமும் காட்டுகிறது. வெறுப்போடு எழுதியவர் இவ்வளவு சிரிக்கவைக்க மாட்டார்.

காலம்: எது பதிந்தது, எது பதியவில்லை

காலம் எழுத்தாளரைச் செதுக்கியது என்கிறோம். அப்படியானால் அந்தக் காலத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சி மிகப் பெரிய தழும்பை விட்டிருக்க வேண்டும். ராஜம் ஐயருக்கு நான்கு முதல் ஆறு வயதான 1876-78 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் உலுக்கியது. மாண்டவர் கணக்கு லட்சங்களில். மதுரை ஜில்லா அதில் தப்பவில்லை. ஆனால் கமலாம்பாளின் கதையை நகர்த்தும் விசை பஞ்சமல்ல. நாவல் தொடராக வந்துகொண்டிருந்த அதே நாட்களில் மேற்கு மலையில் பெரியாறு அணை எழும்பிக்கொண்டிருந்தது. 1895இல் அந்தத் தண்ணீர் வைகைக்கு வந்தது. பெயரிலேயே குளத்தை வைத்திருக்கும் ஊரின் கதையில் இந்த மாபெரும் நீர்மாற்றத்துக்குப் பங்கில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதிகாரிகளின் ஆவணத்தில் எது பெரிதோ அது நாவலிலும் பெரிதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தவறு. நாவலைப் பாதித்த கால மாற்றங்கள் வேறு: ரயில், பத்திரிகை, கல்லூரி, கல்யாண வயதைப் பற்றிய சர்ச்சை. 1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. வத்தலக்குண்டுக்கு அருகே அம்மையநாயக்கனூரில், இன்றைய கொடைரோட்டில், ஸ்டேஷன் அமைந்தது. அப்போது மூன்று வயதாக இருந்த பிள்ளை பின்னாளில் எழுதிய கதையில் மாந்தர்கள் ஊர் விட்டு ஊர் போவது தீர்த்த யாத்திரைக்காரரின் நெடுநாள் நடையாக இல்லை. படிக்கப் போகிறவனும் துறவு தேடிப் போகிறவரும் ஒரே ரயில் யுகத்து மனிதர்கள்.

கல்யாண வயதுச் சர்ச்சையை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். 1891இல் சம்மத வயதுச் சட்டம் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. நாடெங்கும் வாதம் நடந்தது. இரண்டே ஆண்டுகளில் ராஜம் ஐயர் லக்ஷ்மியையும் ஸ்ரீநிவாசனையும் சிறு வயதிலேயே மணமுடித்து வைத்துவிட்டு, அதன் பிறகு அவர்களைக் காதலிக்க விடுகிறார். ஆங்கிலக் கவிதையில் படித்த காதல் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் அக்ரகாரத்தில் கல்யாணத்துக்கு முன் அதற்கு இடமில்லை. எனவே காதலைக் கல்யாணத்துக்குப் பின்னால் வைத்தார். விக்டோரியா கால ஆங்கில நாவல் கல்யாணத்தில் முடியும். ராஜம் ஐயரின் காதல் கதை கல்யாணத்தில் தொடங்குகிறது. இது உத்தி அளவில் அழகான தீர்வு. சமூக அளவில் அது தப்பித்தல் என்பதே என் கருத்து: பால்ய விவாகத்தைக் கேள்வி கேட்காமலே அதற்குள் ஒரு ரோமியோவையும் ஜூலியட்டையும் குடியேற்றிவிட்டார்.

அடுத்து வேதாந்தம். பிற்பாதியின் ஆன்மிகத் திருப்பத்தை ஆசிரியரின் தனி வாழ்க்கையில் நேர்ந்த மாற்றமாகவே சொல்கிறார்கள். நாள்களை வரிசைப்படுத்தினால் படம் சிக்கலாகிறது. தொடர் ஆரம்பித்த 1893இன் தொடக்க மாதங்களில் விவேகானந்தர் சென்னையில் வாலிபர்களோடு பேசிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் சிகாகோவில் பேசினார். ‘பிரம்மவாதின்’ தொடங்கியது 1895 செப்டம்பரில்; ராஜம் ஐயர் ஆசிரியராக இருந்த ‘பிரபுத்த பாரதா’ 1896 ஜூலையில். அதாவது, நாவல் முடிந்த பிறகுதான் இவ்விரு பத்திரிகைகளும் வந்தன. எனவே பத்திரிகை ஆசிரியரான ராஜம் ஐயரை நாவலின் பிற்பாதிக்குள் கொண்டுபோய் உட்காரவைப்பது காலப் பிழை. மறுபுறம், அவர் தேடல் தனி அறைக்குள் நடந்ததும் அல்ல. 1882 முதல் அடையாற்றில் தியசாபிகல் சொசைட்டி இருந்தது. ஆங்கிலம் படித்த ஒரு தலைமுறையே தன் மதத்தை ஆங்கிலத்தின் வழியாக மறுபடி கண்டெடுத்துக்கொண்டிருந்தது. சட்டத்தில் தேறாத ஓர் இளைஞன் தன் குருவாகச் சாந்தானந்த சரஸ்வதியை அடைந்தது தனி நிகழ்வுதான்; அதற்கான பாதை ஏற்கெனவே பலர் நடந்து தேய்ந்த பாதை.

பிற்பாதி சரிவு என்பதை நானும் பெருமளவு ஏற்கிறேன், காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்வேன். வேதாந்தம் வந்ததால் நாவல் சரியவில்லை. பேச்சு நின்றதால் சரிந்தது. முத்துஸ்வாமி ஐயர் சிறுகுளத்தை விட்டு வெளியேறியதும் அவரோடு வாதாட, அவரைக் கேலி செய்ய யாரும் இல்லை. கமலாம்பாளின் நாக்கு அவருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. குரு பேசுகிறார், அவர் கேட்கிறார். ஊர் வாயால் சிதைந்த மனிதனின் கதையில் ஊர் வாயே இல்லாமல் போய்விடுகிறது.

ஒரே ஆண்டு, ஒரே கல்லூரி

வளர்ப்பும் காலமும் எழுத்தைத் தீர்மானிக்கும் என்பவர்கள் தாண்டியாக வேண்டிய ஒரு பெயர் உண்டு: அ. மாதவையா. அவரும் பிறந்தது 1872இல். அவரும் கிராமத்து அக்ரகாரத்தில், திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்தில் பிறந்தவர். அவரும் வில்லியம் மில்லரின் தலைமையில் இருந்த அதே கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். அவருடைய முதல் நாவல் முயற்சியும் அதே ‘விவேக சிந்தாமணி’யில்தான் வந்தது. ‘பத்மாவதி சரித்திரம்’ வெளியானது ராஜம் ஐயர் இறந்த 1898இல். இன்னொரு ஒற்றுமை: இரண்டு நாவல்களிலும் மனைவிமேல் விழும் சந்தேகமே கதையின் முக்கியமான முடிச்சு.

இவ்வளவு ஒற்றுமைக்குப் பிறகு இருவரும் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். மாதவையாவுக்குச் சந்தேகம் ஒரு சமூக நோய். பெண் படிப்பும் வழக்க மாற்றமும் அதற்கு மருந்து. பின்னால் ‘முத்து மீனாட்சி’யில் விதவையின் துயரத்தை நேராகவே எழுதினார். ராஜம் ஐயருக்கு அபவாதம் மனத்தின் நோய். நான் என்ற எண்ணம் கரைந்தால் அது குணமாகும்.

இந்த வேறுபாட்டைப் பிள்ளைப்பருவத்தில் தேடினால் கிடைக்காது. எனக்குப் படும் விளக்கம் அதற்குப் பிந்தியது. மாதவையா உப்பு, ஆப்காரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். அந்த வேலை ஊர் ஊராகப் போய், பல சாதி மனிதர்களையும் வழக்குகளையும் முறைகேடுகளையும் பார்க்கும் வேலை. சமூகத்தைத் திருத்தக்கூடிய பொருளாகப் பார்ப்பது அதிகாரியின் கண்ணுக்கு இயல்பு. ராஜம் ஐயருக்கு வக்கீல் உத்தியோகம் கைகூடவில்லை. சர்க்கார் நாற்காலியும் இல்லை. பட்டம் பெற்றும் உலகத்தில் ஊன்ற இடம் கிடைக்காதவருக்கு உலகமே ஊன்றத் தகாத இடமாகத் தெரிந்திருக்கலாம். இது ஊகம்தான், ஆனால் வத்தலக்குண்டுத் தெருக்களில் விடை தேடுவதைவிட இது பக்கத்தில் இருக்கும் ஊகம்.

கதைக்குள் வராத திண்டுக்கல்

வளர்ப்பு ஒரு நாவலுக்குள் எதைக் கொண்டுவருகிறது என்பதைவிட எதை வெளியே நிறுத்துகிறது என்பதில் அதன் கை தெளிவாகத் தெரியும். பேகம்பூர், ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரைத் தாங்கியது. அந்த அம்மையாரின் அடக்கமும் பெரிய பள்ளிவாசலும் இங்கே இருக்கின்றன. ராஜம் ஐயரின் காலத்தில் திண்டுக்கல் தோலும் சுருட்டும் கடல் கடந்து போன பண்டங்கள். ஆவாரம்பட்டையில் பதப்பட்ட தோல் லண்டன் சந்தைக்குப் போயிற்று. திண்டுக்கல் சுருட்டை வெள்ளைக்காரத் துரைமார் விரும்பிப் புகைத்தார்கள். விக்டோரியா காலம் இந்தப் பகுதியைத் தொட்டது என்றால் முதலில் இங்கேதான் தொட்டது. சிறுகுளத்தின் நடுத்தெருவிலிருந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது.

தெரிகிற வெளியாள் ஒருவர் உண்டு: பேயாண்டித் தேவன். நாவலில் அவன் கொள்ளைக்காரன். அச்சமும் ஒருவகை வியப்பும் கலந்த கண்ணோடு வரையப்பட்டவன். நாவல் புத்தகமாக வந்த 1896இல்தான், இந்தத் திண்டுக்கல் வட்டாரத்துக் கிராமங்கள் ‘பண்டு’ என்று பொதுநிதி திரட்டி, காலங்காலமாக இருந்த கள்ளர் காவல் முறைக்கு எதிராகத் திரண்டன. கலவரம் மூண்டது, காவல் உரிமையை நம்பியிருந்த குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன. அந்தப் பூசலில் காவல், களவு, கூலி, நில உரிமை எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. நாவலில் காவல்காரன் இல்லை, கள்வன் மட்டுமே இருக்கிறான். பின்னலில் ஒரே ஓர் இழையைத்தான் அக்ரகாரத்துத் திண்ணையிலிருந்து பார்க்க முடிந்தது. பேயாண்டித் தேவனுக்கு ஒரு வீடு இருந்திருக்கும். அங்கேயும் கணவனும் மனைவியும் மகள் கல்யாணத்தைப் பற்றி ஊடியிருப்பார்கள்.

ஆனால் இதையும் திண்ணையின் விதி என்று தீர்மானமாகச் சொல்ல முடியாதபடி வத்தலக்குண்டே குறுக்கே வருகிறது. இதே ஊர் பின்னாளில் ‘மணிக்கொடி’ பி. எஸ். ராமையாவைத் தந்தது, சி. சு. செல்லப்பாவையும் தந்தது. ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் ஒரு ஜல்லிக்கட்டு வருகிறது, கதையின் ஓட்டத்தில் ஊர்க் காட்சியாக வந்து போகிறது. செல்லப்பாவும் அதே சமூகத்தில், அதே ஊர்ப் பின்னணியில் வளர்ந்தவர்தான். அவருடைய ‘வாடிவாசல்’ 1959இல் வந்தது. அதில் அக்ரகாரமே கிடையாது. பிச்சியும் மருதனும் வாடிவாசலில் நிற்கிறார்கள், ஜமீன்தார் மேடையில் இருக்கிறார், காரிக் காளை வெளியே வருகிறது.